தாணிப்பாறை முதல் குற்றாலம் வரை

பிப்ரவரி மாதம், வேலை பார்த்த பட்டாசு ஆலையில் விபத்து நடந்தபோது முருகம்மாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குடத்தோடு நின்றிருந்தாள். புஸ்வாணப் பூச்சட்டிக்கு மருந்து செலுத்துகிற அறையில் அவளோடு சேர்த்து நான்கு பேர் வேலை. மற்ற மூன்று பேரும் உள்ளே இருந்தார்கள். இரண்டு பேர் அந்த இடத்திலேயே போய்விட்டார்கள். மூக்கம்மாள் மட்டும் மதுரை ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்துவிட்டுப் போனாள். முருகம்மாளுக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. அது மார்ச் மாதத்துக்குள் ஆறிவிட்டது.

ஆனால் அதற்குப் பிறகு அவளால் நான்கு சுவருக்குள் இருக்க முடியவில்லை. ஆமத்தூரில் அவர்கள் வீடு ஒற்றை அறை. துணி எடுக்க உள்ளே போனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் எடுத்துக்கொண்டு ஓடி வருவாள். சமையல் வாசலில், மூன்று கல்லைக் கூட்டி. படுக்கையும் வாசலில். அவள் கணவன் முத்துராமலிங்கம் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் லோடு ஏற்றுகிற வேலை பார்த்தான். அதிகம் பேசாத ஆள். டாக்டரிடம் கூட்டிப்போனான். மாத்திரை சாப்பிட்டால் பகலெல்லாம் தூக்கமாக வருகிறது என்று அவள் நிறுத்திவிட்டாள். அவன் தன் பாயையும் வெளியே கொண்டுவந்து போட்டுக்கொண்டான்.

எதிர்வீட்டு ஜாஸ்பின் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிவகாசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வயது முப்பத்தாறு. கணவன் நேசகுமார் பள்ளிக்கூட வாத்தியார், இரண்டு பிள்ளைகள். ஏப்ரல் முதல் வாரம் ஒரு சாயங்காலம், முருகம்மாள் வாசலில் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது வந்து எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, சனிக்கிழமை எங்கூட நடக்க வாரீகளா?"

"எங்க?"

"மலைக்கு."

ஜாஸ்பின் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து, வெயில் தெளிந்த நாளில் மேற்கே மலை தெரியும். எட்டு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டே ஊசி போட்டிருக்கிறாள். அந்த மலையின் ஓரமாகவே வடக்கே தாணிப்பாறையில் ஆரம்பித்துத் தெற்கே குற்றாலம் வரை நடந்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். மொத்தமாக நடக்க லீவு கிடைக்காது. சனிக்கிழமை சனிக்கிழமையாக, துண்டு துண்டாக நடந்து முடித்துவிடலாம். ஒரு வாரம் நிறுத்திய இடத்திலிருந்து அடுத்த வாரம் ஆரம்பிக்க வேண்டியதுதான். கோடையில் தீப் பிடிக்கும் என்று காட்டுக்குள் யாரையும் விடுவதில்லை. அதனால் காட்டு எல்லைக்கு வெளியே, தோப்பும் ஓடையும் அணைக்கட்டுமாகப் போகிற அடிவாரத்துப் பாதையை ஃபோனில் பார்த்துப் பார்த்துக் குறித்து வைத்திருந்தாள். கூட வருவதாகச் சொன்ன இன்னொரு நர்ஸ் ஞானஜோதி வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டாள்.

"ஒத்தையில போக முடியாதுக்கா. தோப்புக்குள்ள எவன் குடிச்சிட்டுக் கிடப்பான்னு தெரியாது. நீங்களும் வீட்டுக்குள்ள இருக்க மாட்டேங்கீக. இங்கன வாசல்ல உக்காந்துருக்கதுக்கு அங்கன வந்து நடங்க."

முருகம்மாளுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. இரண்டு மாதமாக எல்லோரும் அவளிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். இவள் ஒருத்திதான் ஆள் தேவைப்படுகிறது என்று வந்து கேட்டாள்.

"வீட்டுல கேட்டுச் சொல்லுதேன் சிஸ்டர்," என்றாள்.

முத்துராமலிங்கம் கேட்டுவிட்டு யோசித்தான். மறுநாள் வேலை முடிந்து வரும்போது ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ வாங்கி வந்தான். ஒரு நம்பர் பெரிது. முன்னால் துணியைத் திணித்துக்கொண்டாள்.

முதல் சனிக்கிழமை விடிவதற்கு முன்னால் கிளம்பி, மூன்று பஸ் மாறித் தாணிப்பாறை விலக்கில் இறங்கினார்கள். ஆலைக்குப் போகும்போது போடுகிற பருத்திச் சட்டையைத்தான் முருகம்மாள் சேலைக்கு மேல் போட்டிருந்தாள். மலை ஆமத்தூரிலிருந்து பார்க்கும்போது ஒரு கோடு. இங்கே அது தலைக்கு மேல் நின்றது. மரம் மரமாகத் தெரிந்தது. வலது கைப் பக்கம் மலையை வைத்துக்கொண்டு நடந்தார்கள். அன்று பிளவக்கல் அணை வரை. பன்னிரண்டு மணிக்கு மேல் வெயில் தாங்கவில்லை. அணைக்கரை மரத்தடியில் உட்கார்ந்து தயிர்ச்சோறு சாப்பிட்டுவிட்டு பஸ் பிடித்தார்கள். பேசியது குறைவு. இரவு முருகம்மாளின் கால்கள் கடுகடுத்தன. நெடுநாளைக்குப் பிறகு விடியும் வரை கண் திறக்காமல் தூங்கினாள்.

ஜாஸ்பினுக்கு ஒரு விதி இருந்தது. நடுவில் பத்தடிகூட விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு வாரமும் நிறுத்துகிற இடத்தில் ஒரு கரண்டுக் கம்பத்தையோ மைல் கல்லையோ ஃபோட்டோ எடுத்துக்கொள்வாள். இரண்டாவது வாரம் பஸ்காரர் அணைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டுவிட்டார். ஜாஸ்பின் திரும்பிக் கால் கிலோமீட்டர் நடந்து, போன வாரம் சாப்பிட்ட மரத்தைத் தொட்டுவிட்டு வந்தாள்.

"இதுக்கு யாரு கணக்குக் கேக்கப் போறா?" என்றாள் முருகம்மாள்.

"நான் கேப்பேனே."

முருகம்மாளும் போய் மரத்தைத் தொட்டுவிட்டு வந்தாள்.

அந்த வாரம் செண்பகத்தோப்பை அடைந்தார்கள். மூன்றாவது வாரம் அங்கிருந்து ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோயில் வரை போனார்கள். மாங்காய்க் காலம். தோப்புகளில் பெண்கள் கூடையும் சாக்குமாக இருந்தார்கள். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: எந்தக் கோயிலுக்கு? கோயிலுக்கு இல்லை என்றால் நம்பவில்லை. செண்பகத்தோப்பு ரோட்டில் ஒரு நாற்றுப்பண்ணையில் தண்ணீர் கேட்டுக் குடித்தார்கள். நாலு பக்கமும் திறந்து, மேலே பச்சை வலை மட்டும் கட்டியிருந்தது. முருகம்மாள் அதற்குள் போய்ச் சாவகாசமாக நின்று செடிகளைப் பார்த்தாள். ஜாஸ்பின் அதைக் கவனித்தாள்.

நான்காவது சனிக்கிழமைதான் அது நடந்தது.

அய்யனார் கோயிலிலிருந்து தேவதானம் பக்கமாக நடந்துகொண்டிருந்தார்கள். காலை ஏழரை இருக்கும். தென்னந்தோப்பு ஒன்றின் நடுவே மோட்டார் ரூம். தோப்புக் காவல்காரர் வேலுச்சாமி, அறுபது வயதுக்காரர், கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏ தாயி, அங்கனயே நில்லுங்க. ஒத்த ஆனை. ராத்திரி எறங்குனது, இன்னும் மேல ஏறல."

அப்போதுதான் இளந்தென்னை ஒன்று முறிகிற சத்தம் கேட்டது. ஐம்பது அறுபது அடி தூரம். கொம்பன். அவர்களைப் பார்க்காமல் குருத்தை உருவித் தின்றுகொண்டிருந்தது.

"ரூமுக்குள்ள போயிருங்க. சத்தம் போடாம," என்றார் வேலுச்சாமி.

ஜாஸ்பின் உள்ளே போய்விட்டாள். சிமெண்டு மச்சு, இரும்புக் கதவு, உள்ளே மோட்டாரின் எண்ணெய் வாடை. முருகம்மாள் கதவருகே வந்து நின்றாள். ஒரு காலைக்கூட உள்ளே எடுத்து வைக்க முடியவில்லை.

"அக்கா, வாங்க."

"முடியல சிஸ்டர்."

"ஆனை, அக்கா! வாங்க!"

"நீங்க கதவைச் சாத்திக்கிடுங்க. நான் இப்படிச் செவுத்தோட ஒட்டி நிக்கேன்."

யானை இந்தப் பக்கம் திரும்பியது. வேலுச்சாமி மடியிலிருந்து ஒரு வெடியை எடுத்தார். யானை விரட்ட அந்தப் பக்கத்துத் தோப்புக்காரர்கள் எல்லோரும் வைத்திருப்பதுதான். வாயிலிருந்த பீடியின் நெருப்பில் திரியைக் காட்டி வீசினார்.

வெடித்தது முருகம்மாளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தான் ஓடிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான். எந்தப் பக்கம் ஓடுகிறாள் என்பதும் தெரியவில்லை. யானை இருந்த பக்கம்தான் ஓடினாள். வேலுச்சாமி கத்தினார். ஜாஸ்பின் மோட்டார் ரூமிலிருந்து பாய்ந்து வெளியே வந்து அவள் பின்னாலேயே ஓடினாள். யானையும் வெடிச் சத்தத்தில் மிரண்டு, மேற்கே வேலியை மிதித்துக்கொண்டு மலைப் பக்கம் போய்விட்டது. இல்லையென்றால் இந்தக் கதை வேறாகியிருக்கும். வாய்க்காலில் கால் இடறி முருகம்மாள் விழுந்த இடத்திலிருந்து, யானையின் கால்தடம் பதிந்த ஈரமண் பத்தடி தூரம்கூட இல்லை.

ஜாஸ்பின் அவள்மேல் விழுந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். இருவருக்கும் மேல்மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் கழித்து ஜாஸ்பின் எழுந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் சேறு.

"எனக்கு ரெண்டு புள்ளைக இருக்கு," என்றாள். "அதுகள வாத்தியார்கிட்ட விட்டுட்டு வாரேன். நீங்க இப்படி ஓடுனா நானும் ஓடித்தான ஆகணும்? விட்டுட்டு நிக்க முடியுமா?"

முருகம்மாள் சேற்றில் கழன்று கிடந்த ஷூவை எடுத்து மாட்டினாள்.

அன்று அந்த மோட்டார் ரூமோடு நடை முடிந்தது. ராஜபாளையம் பஸ்ஸில் திரும்பும்போது முருகம்மாள் வழக்கம்போல் படிக்கட்டு ஓரம் உட்கார்ந்தாள். சிவகாசிக்கு முன்னால், ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அன்னைக்குத் தண்ணி எடுக்கப் போற முறை எனக்கில்ல சிஸ்டர். மூக்கம்மாளுக்கு. கால்ல முள்ளுக் குத்தி நொண்டிக்கிட்டு இருந்தா. நீ இரு, நான் எடுத்தாரேன்னு சொல்லிட்டு நான் போனேன்."

ஜாஸ்பின் எட்டு வருடம் தீக்காய வார்டில் இருந்தவள். இப்படி நிறையக் கேட்டிருக்கிறாள். ஆமத்தூரில் இறங்கும்போது, "அடுத்த வாரம் வேண்டாம்க்கா," என்று மட்டும் சொன்னாள். முருகம்மாள் தலையாட்டினாள்.

முத்துராமலிங்கத்துக்கு விஷயம் தெரிந்ததும் ஷூவை எடுத்துப் பரணில் போட்டான். "போதும்," என்றான். அவன் அப்படிக் கண்டிப்பாகப் பேசி அவள் கேட்டதில்லை.

அந்த வாரத்தில் ஆலையின் ஃபோர்மேன் நவநீதகிருஷ்ணன் பைக்கில் வந்தார். ஆலை மறுபடியும் திறந்துவிட்டது, ஆர்டர் குவிந்து கிடக்கிறது, ஆள் போதவில்லை என்றார்.

"நீங்க ரூமுக்குள்ள வர வேண்டாம் முருகம்மா. வெளிய வேப்ப மரத்தடியில உக்காந்து திரி வச்சுக் குடுங்க. ஒங்களுக்காகத்தான் சொல்லுதேன்."

"மரத்தடியில மருந்து வச்சு வேலை செய்யக் கூடாதுன்னு கேட்டுல போர்டு எழுதிப் போட்டிருக்கீகளே?"

"அது ஆபீசர் வாரப்ப. சீசனுக்கு எல்லா எடத்துலயும் நடக்கதுதான்."

"வரல சார்."

அவர் டீ குடித்துவிட்டுப் போனார். கோபப்படவில்லை. இன்னும் மூன்று வீடுகளுக்குப் போக வேண்டியிருந்தது.

சனிக்கிழமை விடியுமுன் முருகம்மாளுக்குப் பழக்கத்தில் விழிப்பு வந்துவிட்டது. முகம் கழுவினாள். சேலைக்கு மேல் சட்டையைப் போட்டாள். போட்டபிறகுதான் இன்று நடை இல்லை என்று நினைவு வந்தது. கழற்ற மனமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். தெருக்கடைசியில் மூக்கம்மாளின் வீடு. மூன்று மாதமாக அந்தப் பக்கம் போகாமல் சுற்றுவழியில்தான் கடைக்குப் போய் வந்தாள்.

மூக்கம்மாளின் கணவன் முத்துக்கருப்பன் வாசலில் ஆடுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஐந்து ஆடு, இரண்டு குட்டி. அவளைப் பார்த்து நிமிர்ந்தார்.

"வா தாயி."

"அண்ணே, ஒண்ணு சொல்லணும்." நின்றபடியே சொன்னாள். நின்றால்தான் சொல்ல முடியும் என்று இருந்தது. "அன்னைக்குத் தண்ணிக்குப் போக வேண்டியது அவதான். நான் முந்திக்கிட்டுப் போயிட்டேன்."

முத்துக்கருப்பன் கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தார். முழுதாகச் சுருட்டி முடித்தபிறகு கேட்டார்.

"நொண்டுனாளா?"

"ஆங்?"

"அன்னைக்கு. வேலைத்தலத்துல. நொண்டுனாளான்னு கேக்கேன்."

"நொண்டுனா அண்ணே. அதுனாலதான் நான்—"

"முத நாள் பொழுதடைய எங்கிட்ட காலை நீட்டுனா. முள்ளு இருக்கு, எடுத்து விடுங்கன்னா. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. விடியட்டும், வெளிச்சத்துல எடுப்போம்னுட்டேன். விடியக்காலம் வேன்காரன் ஆரன் அடிச்சான், போயிட்டா." அவர் குட்டியைத் தள்ளிவிட்டார். "நடந்தாளா நொண்டுனாளான்னு ஒங்கிட்ட கேக்கணும்னு மூணு மாசமா நெனைக்கேன். நீ இந்தப் பக்கமே வரல."

வெளிச்சம் வந்துவிட்டது. ஆடுகள் தாமாகவே நடக்க ஆரம்பித்தன.

"போட்டோ மாட்டிருக்கேன். வந்து பாரு," என்றார்.

முருகம்மாள் நிலைப்படி வரை போனாள். அதற்கு மேல் கால் வரவில்லை. அவர் உள்ளே போய்ச் சுவரிலிருந்து படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து அவள் கையில் கொடுத்தார். ரேஷன் கார்டுக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கியது. மூக்கம்மாள் முறைத்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படி முறைத்து முருகம்மாள் பார்த்ததே கிடையாது. மூக்கம்மாள் எந்நேரமும் சிரிக்கிற ஆள்.

"சிரிக்கக் கூடாதுன்னு போட்டோக்காரன் சொல்லிட்டானாம்," என்றார் முத்துக்கருப்பன்.

முருகம்மாள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். விபத்துக்குப் பிறகு அவள் அழுதது அதுதான் முதல் தடவை. அவர் ஆடுகளைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்து, அவள் அழுது முடிக்கிற வரை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த வாரம் சனிக்கிழமை சாயங்காலம் முருகம்மாள் எதிர்வீட்டுக்குப் போனாள். ஜாஸ்பின் வாசல்படியில் உட்கார்ந்து காலை உப்புத் தண்ணீரில் வைத்திருந்தாள்.

"இன்னைக்கு நான் ஒத்தையில போனேன்க்கா," என்றாள். கொஞ்சம் வெட்கமாகச் சிரித்தாள். "ரெண்டு கிலோமீட்டர்தான். நாலு நாயி வெரட்டுச்சு. திரும்பி ஓடி வந்துட்டேன். வாத்தியாருக்குத் தெரியாது."

"அந்த மோட்டார் ரூம்ல இருந்தா போனீக?"

"ஆமா."

"நான் இல்லாம நடந்தது சேராது. அங்கன இருந்து மறுபடி நடக்கணும். நடுவுல விடக் கூடாதுல்லா?"

ஜாஸ்பின் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "வெடி போட்டா?"

"ஒங்க கையைப் பிடிச்சுக்கிடுதேன். ரூமுக்குள்ள வர மாட்டேன். அதை இப்பவே சொல்லிப்புடுதேன். ஆனா ஓட மாட்டேன்."

"ஓடுனீக, அன்னைக்கோட முடிஞ்சிச்சு. அப்புறம் என்னையக் கூப்பிடக் கூடாது."

"சரி."

முத்துராமலிங்கத்திடம் ஜாஸ்பினே வந்து பேசினாள். அவன் கடைசி வரை சரி என்று சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி ஷூ பரணிலிருந்து இறங்கி வாசலில் இருந்தது.

மோட்டார் ரூமில் வேலுச்சாமி அவர்களைப் பார்த்து முதலில் கும்பிட்டார், பிறகு திட்டினார். அரைக் கிலோமீட்டர் தூரம் கூடவே வந்து வேலி தாண்டி விட்டுவிட்டுப் போனார். யானை வேறு பக்கம் போய் ஒரு வாரம் ஆகிவிட்டதாம். ஆனால் தேவதானத்தைத் தாண்டி, எங்கோ ஒரு தோப்பில் யாரோ பன்றிக்கு வெடி போட்டார்கள். முருகம்மாள் நின்ற இடத்தில் குந்திவிட்டாள். ஜாஸ்பினின் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் கண்ணாடி வளையல் ஒன்று நொறுங்கியது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். பிறகு எழுந்தாள்.

"நல்ல வேளை, நான் வாட்ச் கட்டல," என்றாள் ஜாஸ்பின்.

அதற்குப் பிறகு நடை சரளமாகப் போனது. வாசுதேவநல்லூரில் தலையணை என்ற அணைக்கட்டு. அங்கிருந்து புளியங்குடி எலுமிச்சைத் தோட்டங்கள் வழியாகக் கருப்பாநதி அணை. பிறகு மேக்கரை. ஜூன் முதல் வாரத்தில் வெயில் மாறியது. மலை உச்சி காலையில் மேகத்துக்குள் இருந்தது. கையில் மஞ்சப்பையும் முகத்தில் பவுடருமாக பஸ்ஸுக்கு நிற்கிற பெண்களுக்கு நடுவே இவர்கள் சேற்று ஷூவோடு வந்து நிற்பார்கள். முருகம்மாள் இப்போது நிறையப் பேசினாள். பாதிப் பேச்சு மூக்கம்மாளைப் பற்றி. அவள் வேனில் பாடுகிற பாட்டு, அவள் மற்றவர் தூக்குவாளியைத் திறந்து குழம்பை ருசி பார்ப்பது. ஜாஸ்பின் தன் வார்டில் பிழைத்துப் போனவர்களைப் பற்றிச் சொன்னாள். பிழைக்காதவர்களைப் பற்றியும் ஒருநாள் சொன்னாள். எட்டு வருடத்தில் அதைக் கேட்க யாரும் இல்லை என்றாள்.

நடுவில் ஒரு திங்கட்கிழமை முருகம்மாள் தனியாக பஸ் ஏறிச் செண்பகத்தோப்பு நாற்றுப்பண்ணைக்குப் போய் வேலை கேட்டாள். பாக்கெட்டில் மண் நிரப்புகிற வேலை இருந்தது. மருந்து செலுத்திய கைக்கு அது சுலபமாக வந்தது. காலை ஆறு நாற்பது பஸ். சனிக்கிழமை மட்டும் இந்த மாதம் வர முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

நடந்ததில் ஒன்பதாவது சனிக்கிழமை மேக்கரையிலிருந்து கிளம்பினார்கள். பண்பொழி தாண்டியபோது சாரல் ஆரம்பித்துவிட்டது. குடை பிடித்தும் பிடிக்காமலும் நடந்து, மதியம் குற்றாலம் கடைத்தெருவுக்குள் நுழைந்தார்கள். அருவிச் சத்தம் கடைகளுக்குப் பின்னாலிருந்து கேட்டது. சீசன் கூட்டம். பெண்கள் பக்கம் வரிசையில் நின்று, தள்ளுமுள்ளுப் பட்டு, ஐந்து நிமிடம் தலையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்கள். ஜாஸ்பினுக்குக் குளிரில் பல் அடித்தது. கடைசிக் கம்பத்தை ஃபோட்டோ எடுக்கத் தேடினாள், ஒரே கடையாக இருந்தது. நேந்திரம் சிப்ஸ் கடைப் பலகையை எடுத்தாள்.

"அம்புட்டுத்தானா?" என்றாள் முருகம்மாள்.

"அம்புட்டுத்தான்."

இருவருக்கும் அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. சூடாக மிளகாய் பஜ்ஜி வாங்கித் தின்றார்கள்.

தென்காசியில் சாயங்கால ரயில். இடது பக்க ஜன்னலில் இடம் கிடைத்தது. ரயில் பெட்டிக்குள் உட்கார முடியுமா என்று முருகம்மாளுக்குச் சந்தேகம் இருந்தது. கடையநல்லூர் வரை கதவோரம் நின்றாள். கூட்டம் ஏறியதும் இடம் போய்விடும் என்று ஜாஸ்பின் கூப்பிட்டாள். வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுந்துபோய் இரண்டு தடவை கதவருகே நின்றுவிட்டு வந்தாள்.

எதிர் இருக்கையில் ஒரு வயதான அம்மா முறுக்குப் பொட்டலத்தோடு இருந்தாள். இவர்களின் ஈரத் தலையையும் ஷூவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"குத்தாலமா? வேன்லயா போனீக?"

"நடந்து," என்றாள் முருகம்மாள்.

"தென்காசியில இருந்தா?"

"இல்லம்மா. வத்திராயிருப்புப் பக்கம் தாணிப்பாறை இருக்குல்லா, அங்கன இருந்து."

அந்த அம்மா முறுக்கை வாயில் வைக்கப் போனவள் நிறுத்தினாள். "நேர்த்திக்கடனா?"

முருகம்மாள் ஜாஸ்பினைப் பார்த்தாள். ஜாஸ்பின் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிப் போயிருந்தாள்.

"இல்லம்மா. சும்மா நடந்தோம்."

"சும்மாவா! அம்புட்டுத் தூரமா!" அவள் பொட்டலத்தைப் பிரித்து முருகம்மாள் மடியில் இரண்டு முறுக்கு வைத்தாள். ஒரு வினாடி யோசித்து, தூங்குகிறவளுக்கும் இரண்டு வைத்தாள். சங்கரன்கோவிலில் இறங்கும்போது, "கால்ல நல்லெண்ணெய் தேச்சுக்கிடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ரயில் கிளம்பியது. மேற்கே மலை மங்கிக்கொண்டே வந்தது. முருகம்மாள் ஒரு முறுக்கை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, எந்த இடம் எது என்று கண்டுபிடிக்கப் பார்த்தாள்.